40 பக்க நோட்டோடு போங்கள்: பிள்ளையை முதன்முறை மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர்களுக்கு

மகனுக்கு இரண்டரை வயதாகும்போது அவன் வாயில் நான்கு சொல்தான் இருந்தது. ஒன்று "தண்ணி". இன்னொன்று பக்கத்து வீட்டு நாயின் பெயர். "அவங்கப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் மாமியார். சுட்ட வசம்பை உரசி நாக்கில் தடவினோம். நாக்கு ஒட்டியிருக்கிறது, லேசாக வெட்டிவிட்டால் பேச்சு வந்துவிடும் என்று ஒருவர் சொல்ல, அதற்கும் ஒரு டாக்டரிடம் ஓடினோம். எட்டு மாதம் இப்படியே கரைந்தது. கடைசியில் மனநலப் பிரிவில் போய் உட்கார்ந்தபோது, டாக்டர் கேட்ட கேள்விகளில் பாதிக்கு மேல் என்னிடம் பதில் இல்லை. கழுத்து எப்போது நின்றது? எப்போது டாட்டா காட்டினான்? வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டுவானா, உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவானா? பெற்றவள் நான், முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் 40 பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். இப்போது ஐந்தாவது நோட்டு ஓடுகிறது. புதிதாக வருகிற பெற்றோர் யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான். டாக்டர் உங்கள் பிள்ளையை அரைமணி நேரம் பார்ப்பார். மீதி நேரமெல்லாம் பார்க்கிறவர் நீங்கள். நீங்கள் பார்த்ததை அவர் மேஜைவரை கொண்டுபோய்ச் சேர்த்தால் மதிப்பீட்டில் பாதி முடிந்த மாதிரி. நான் டாக்டர் இல்லை. இதே வரிசையில் உங்களுக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கிறவள், அவ்வளவுதான்.

எப்போது போக வேண்டும்

"கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பதற்கு ஓர் எல்லை வேண்டும். 6 மாதத்திலும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை, 12 மாதத்தில் மழலை இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை, 2 வயதில் "பால் வேணும்" மாதிரி இரண்டு சொல்லைச் சேர்ப்பதில்லை. இதில் எது இருந்தாலும் காட்டிவிடுங்கள். வந்த சொல் திரும்பப் போய்விட்டதா? கையசைத்துக்கொண்டிருந்த குழந்தை அதை விட்டுவிட்டதா? எந்த வயதானாலும் அதற்குக் காத்திருக்கவே கூடாது.

பள்ளிப் பிள்ளைகளின் கதை வேறு. வாயால் கேட்டால் பாடம் முழுக்க ஒப்பிப்பான், எழுதச் சொன்னால் மூன்று வரியில் நிற்பான். கரும்பலகையில் இருப்பது நோட்டில் பாதிதான் இருக்கும். ல, ள, ழ குழம்புவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள், அதில் பெரியவர்களே குழம்புகிறோம். வகுப்பில் ஒரு நிமிடம் உட்காராத பையனை எல்லாரும் கவனிப்பார்கள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனக் குறைபாடு அவளுக்கும் இருக்கலாம்.

திங்கட்கிழமை காலை மட்டும் வரும் வயிற்றுவலி, பரீட்சைக்கு முன் வரும் மயக்கம், திடீரென்று நண்பர்களை விட்டு விலகுவது, தூக்கமும் சாப்பாடும் மாறுவது, இவையும் பார்க்க வேண்டியவைதான். மயக்கத்தை "நடிக்கிறா" என்று தள்ளிவிடாதீர்கள். முதலில் வலிப்பு இல்லையென்று நரம்பியல் டாக்டர் சொல்லட்டும். அப்புறமும் அது வருகிறதென்றால் பிள்ளையால் வாயால் சொல்ல முடியாத ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது.

இன்னொரு பயமும் உண்டு. சென்னைப் பக்கம் யாரையாவது கிண்டல் செய்ய "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் பெயர் சினிமாக் காமெடியில் தேய்ந்துபோனதால் மனநலப் பிரிவு என்ற பலகையைப் பார்த்தாலே நமக்குக் கால் பின்வாங்குகிறது. அங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோர் ஓ.பி. பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போகிறவர்கள். சேர்க்கவே வேண்டி வந்தாலும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழானவர்களைப் பெரியவர்களோடு வைக்கக் கூடாது, பெற்றோரோ காப்பாளரோ அவர்கள் நியமிக்கும் ஒருவரோ கூடவே இருக்க வேண்டும்.

முந்தைய வாரத்து வேலை

முதலில் காது. பேச்சு தாமதமான எந்தக் குழந்தைக்கும் இதுதான் முதல் படி. "டிவி சத்தம் கேட்டா ஓடி வர்றான், காது நல்லாத்தான் கேக்குது" என்று நாங்களும் சொன்னோம். சில சத்தம் கேட்டு, பேச்சொலிகளில் சில மட்டும் கேட்காமல் போகலாம். ஓ.ஏ.ஈ., பெரா என்று இரண்டு பரிசோதனைகள் உண்டு. பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். அதனால் முந்தைய இரவு தாமதமாகத் தூங்க வைத்து, காலையில் சீக்கிரம் எழுப்பி, போகிற வழியில் பஸ்ஸில் தூங்கவிடாமல் கூட்டிப் போங்கள். நாங்கள் பஸ்ஸில் தூங்கவிட்டோம். அங்கே போனதும் அவன் ஃப்ரெஷ்ஷாக எழுந்து விளையாடினான், இன்னொரு நாள் போக வேண்டியதாயிற்று.

அடுத்தது நோட்டு. முதல் பக்கத்தில் பிறப்பு விவரம்: எத்தனையாவது மாதம், எடை, பிறந்ததும் அழுததா, இன்குபேட்டரில் வைத்தார்களா, மஞ்சள் காமாலை, வலிப்பு. தடுப்பூசி அட்டையையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேடி எடுங்கள், பாதி விவரம் அதிலேயே இருக்கும். அடுத்த பக்கத்தில் எப்போது தவழ்ந்தது, நடந்தது, முதல் சொல் எது. தேதி நினைவில்லையென்றால் போனில் பழைய வீடியோவைப் பாருங்கள். முதல் பிறந்தநாள் வீடியோ ஒரு பொக்கிஷம். கேக் வெட்டும்போது பெயர் சொன்னால் திரும்புகிறதா, ஆட்களைப் பார்க்கிறதா, மெழுகுவர்த்தியை மட்டும் பார்க்கிறதா என்று டாக்டரே ஓட்டிப் பார்ப்பார்.

மூன்றாவது பக்கத்திலிருந்து ஒரு வாரத்து நடப்பு. "ரொம்ப அடம்" என்று எழுதாதீர்கள். "செவ்வாய் மாலை 6 மணி. போனை வாங்கியதும் தலையைச் சுவரில் நாலு தடவை முட்டினான். 20 நிமிடம். தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனதும் நின்றது." இப்படி எழுதுங்கள். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன, அப்புறம் என்ன. நம் முடிவுகளை எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்கு ஒன்றும் கிடைக்காது, நடந்ததை எழுதினால்தான் பயன். தூங்கிய நேரம், சாப்பிட்டது, போன் பார்த்த மணிக்கணக்கு, இதில் வெட்கப்படாமல் உண்மையை எழுதுங்கள்.

வீடியோ இரண்டு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் போதும்: தனியாக விளையாடுவது, மற்ற பிள்ளைகளோடு இருப்பது, உங்களுக்குக் கவலை தரும் அந்தச் செய்கை. பள்ளிக்குப் போகிற பிள்ளையென்றால் வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள். இது ஏன் என்பது பின்னால் வரும்.

யார் கூட வருவது? பிள்ளையைப் பகலில் பார்த்துக்கொள்கிறவர் கட்டாயம் வர வேண்டும். எங்கள் வீட்டில் அது மாமியார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை, மற்ற பிள்ளைகள் வந்தால் இவன் கட்டிலுக்கடியில் போய்விடுவான் என்பதை, நானே அன்றுதான் கேள்விப்பட்டேன். அப்பாவும் வரட்டும். ரிப்போர்ட்டை வீட்டில் போய் நீங்கள் மொழிபெயர்த்துச் சொல்வதும் டாக்டர் வாயால் அவர் நேரில் கேட்பதும் ஒன்றில்லை.

எங்கே போவது

முதல் கதவு பெரும்பாலும் குழந்தைகள் நல மருத்துவர்தான். அவர் அனுப்பாவிட்டாலும் நீங்களே போகலாம். அரசு வழியில் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையம் என்று ஒன்று உண்டு, ஆஸ்பத்திரியில் டி.இ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் நடப்பது. குழந்தை மருத்துவர், உளவியலாளர், பேச்சுப் பயிற்சியாளர், பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், கட்டணமில்லாமல். அங்கன்வாடிக்கு ஆண்டில் இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒருமுறையும் வருகிற நடமாடும் மருத்துவக் குழு எழுதித் தரும் சீட்டும் இங்கேதான் அனுப்பும். அந்தச் சீட்டைப் புத்தகப் பையிலேயே தொலைத்துவிடாதீர்கள்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கும். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையும் கீழ்ப்பாக்கமும் பலருக்குத் தெரிந்தவை. முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது, 2005இல் தொடங்கியது. மதிப்பீடும் தெரபியும் சிறப்புக் கல்வியும் அங்கே ஒரே வளாகத்தில் கிடைக்கும். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் வளாகத்தில் குழந்தைகளுக்கான மனநலப் பிரிவு உண்டு. பெங்களூருவிலுள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸைச் சிக்கலான கேஸ்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடன் அங்கே ஓட வேண்டியதில்லை. மாதாமாதம் போய்வர முடிகிற இடம்தான் நல்ல இடம். பெரிய பெயருக்காக ஒருமுறை 400 கிலோமீட்டர் போய்விட்டு, தொடராமல் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே பலர்.

யார் யார் என்பதும் ஆரம்பத்தில் குழப்பும். மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலம் படித்தவர், மருந்து எழுதுகிறவர் அவர்தான். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பரிசோதனைகளும் ஆலோசனையும் தருவார், மருந்து எழுத மாட்டார். சைக்காலஜிஸ்ட்டும் சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

அன்று என்ன நடக்கும்

காலையில் ஓ.பி. சீட்டு, வரிசை, காத்திருப்பு. பிள்ளையின் தூக்க நேரமும் பசி நேரமும் அதில் இடிக்கும். பிஸ்கட், தண்ணீர், பிடித்த ஒரு விளையாட்டுச் சாமான், மாற்று டிரவுசர். "ஊசி போட மாட்டாங்க, விளையாடப் போறோம்" என்று பிள்ளையிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள். ரத்தம் எடுக்க வேண்டியிருந்தால் அதை வேறொரு நாளுக்குக் கேளுங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வாசலிலேயே அழுகை.

டாக்டர் முதலில் உங்களிடம் பேசுவார். சொந்தத்தில் திருமணமா என்று கேட்பார். அத்தை மகன், மாமன் மகன், தாய்மாமன் என்று எதுவானாலும் சொல்லுங்கள். குற்றம் சாட்டக் கேட்பதில்லை, மரபுவழிக் காரணம் தேட வேண்டுமா என்று முடிவெடுக்கக் கேட்கிறார். குடும்பத்தில் வலிப்பு, பேச்சுத் தாமதம், மனநோய், குடி, தற்கொலை, எல்லாம் வரும். மாமனார் பக்கத்தில் இருப்பதால் சொல்ல முடியாததைத் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் பிள்ளைமேல் இருக்கும். பெயரைக் கூப்பிடுவார். பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா, கார் பொம்மையை ஓட்டுகிறதா, கவிழ்த்துப் போட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றுகிறதா என்று பார்ப்பார். தலையைச் சுற்றி டேப்பால் அளப்பார். சட்டையைக் கழற்றித் தோலில் திட்டு இருக்கிறதா என்று பார்ப்பார், சில மரபுவழி நோய்கள் தோலில்தான் முதலில் தெரியும். வெறுமனே விளையாடவிட்டு அனுப்பிவிட்டார் என்று நினைக்காதீர்கள், மதிப்பீடே அதுதான்.

துறுதுறு பிள்ளைகள் டாக்டர் அறையில் சமர்த்தாக உட்கார்ந்து நம் மானத்தை வாங்குவார்கள். புது இடம், புது ஆள், எதிரே ஒரே ஒருவர் என்றால் அந்த அரைமணி நேரம் அவர்களால் அடங்கி இருக்க முடியும். ஆசிரியரிடம் எழுதி வாங்கச் சொன்னது இதற்குத்தான். ஏடிஹெச்டி (கவனக் குறைபாடு, மிகையான துறுதுறுப்பு) என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது 6 மாதமாக இருக்க வேண்டும், வீடு பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வீட்டில் மட்டும் அடம் என்றால் கேள்வி வீட்டைப் பற்றியது. பள்ளியில் மட்டும் என்றால் அங்கே பாடம் புரியவில்லையா, யாராவது மிரட்டுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

கவனக் குறைவு மாதிரி வேஷம் போடுகிறவை வேறு சில உண்டு. பேசிக்கொண்டே இருக்கும்போது சில வினாடி அப்படியே நின்று, கண் வெறித்து, அப்புறம் ஒன்றும் நடக்காத மாதிரி தொடர்ந்தால் அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், அதற்கு மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. பார்ப்பார்கள். மூக்குக்குப் பின்னாலுள்ள அடினாய்டு சதை வீங்கி இரவெல்லாம் குறட்டை விட்டுத் தூங்காத பிள்ளைக்குப் பகலில் கவனம் எங்கிருந்து வரும்? ரத்தசோகை, தைராய்டு, கண் பார்வை, இவற்றையும் பார்த்துவிடுவார்கள். எல்லாருக்கும் ஸ்கேன் தேவையில்லை. ஆட்டிசம் என்பது பிறரோடு பழகுவதிலும் பேசிக்கொள்வதிலும் தெரியும் வளர்ச்சிக் குறைபாடு, அதைக் காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இன்றுவரை இல்லை.

பரிசோதனைகளின் பெயர்கள் மிரட்டும். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு எம்-சாட் என்று 20 கேள்விகள். அது சல்லடை மட்டுமே, அதில் மாட்டினால் ஆட்டிசம் என்று அர்த்தமில்லை, மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இசா என்பது நம் நாட்டில் உருவான அளவுகோல், 40 கேள்விகள். 70க்குக் கீழே ஆட்டிசம் இல்லை, 70 முதல் 106 வரை லேசானது, 107 முதல் 153 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம். பேசாத பிள்ளைக்கு மரப்பலகையில் பத்து வடிவங்களைப் பொருத்தச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். வைன்லேண்ட் அளவுகோல் பிள்ளையிடம் கேட்காது, உங்களிடம் கேட்கும்: தானே சட்டை போடுகிறானா, டம்ளரில் குடிக்கிறானா. இங்கே பெருமைக்காகக் கூட்டிச் சொல்லாதீர்கள். "செய்வான், ஆனா நான்தான் செஞ்சு விடுவேன்" என்றால் அப்படியே சொல்லுங்கள்.

கற்றல் குறைபாட்டுக்கான முறையான மதிப்பீடு சுமார் 8 வயதில்தான் அர்த்தமுள்ளதாகும். அதற்கு முன் எந்த மையமாவது டிஸ்லெக்சியா சர்டிபிகேட் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். பயிற்சியை மட்டும் சின்ன வயதிலேயே தொடங்கலாம்.

ரிப்போர்ட் கையில் வந்த பிறகு

நான் அதை வாசலிலேயே பிரித்து, எண்களை மட்டும் பார்த்து, அழுதுவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள், உள்ளேயே உட்கார்ந்து விளக்கம் கேளுங்கள். 5 வயதுக்குள் வரும் ஐ.க்யூ. எண் கல்வெட்டு இல்லை, அன்றைக்குப் பசி, பயம், பேச்சு இல்லாமை எல்லாம் சேர்ந்து வந்தது. ரிப்போர்ட்டில் "ப்ரொவிஷனல்" என்று இருந்தால் இப்போதைக்கு இப்படித் தெரிகிறது, மறுபடி பார்க்க வேண்டும் என்று பொருள். "குளோபல் டெவலப்மென்டல் டிலே" என்பது 5 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பல துறைகளிலும் வளர்ச்சி பின்தங்கியிருக்கிறது என்று சொல்ல வைத்துக்கொண்டிருக்கும் தற்காலிகப் பெயர்.

மூன்று கேள்விகளை நோட்டில் எழுதிப் போங்கள். அடுத்த மூன்று மாதத்தில் எந்த இரண்டு விஷயத்தில் வேலை செய்ய வேண்டும்? யார் செய்வார்கள், வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? எப்போது திரும்ப அளப்பீர்கள்? பெயர் உறுதியாகவில்லை என்பதற்காகப் பயிற்சியைத் தள்ளிப் போடாதீர்கள். பேச்சு வராத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி வேண்டும், அதற்கு எந்தப் பெயரும் உறுதியாக வேண்டியதில்லை.

காரணம் தேடி இரவெல்லாம் போனை உருட்டுவீர்கள், தெரியும். ஆட்டிசத்துக்குத் தடுப்பூசிதான் காரணம் என்பது 1998இல் வந்த ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பிய வதந்தி, அதை வெளியிட்ட லான்செட் மருத்துவ இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றுவிட்டது. நீங்கள் வேலைக்குப் போனதால் வரவில்லை. போன் பார்ப்பதால் வருவது என்று சொல்லி "வெர்ச்சுவல் ஆட்டிசம்" என்று ஒரு சொல் இப்போது ஓடுகிறது, மருத்துவ வகைப்பாட்டு நூல்களில் அப்படி ஒரு நோய் இல்லை. போனைக் குறைத்தால் பிள்ளையோடு பேசுகிற நேரம் கூடும், அதனால் நல்லது. போனைப் பிடுங்கியதும் எல்லாம் சரியாகிவிடும் என்று மதிப்பீட்டையே தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

தெரபி

வாரத்துக்கு இரண்டு தடவை, தடவைக்கு முக்கால்மணி நேரம் போய்வந்தால் மட்டும் எந்தப் பிள்ளையும் பேசக் கற்றுக்கொள்ளாது. தெரபிஸ்ட் உங்களுக்குக் கற்றுத் தருகிறார், நீங்கள் வாரம் முழுக்கச் செய்கிறீர்கள், இதுதான் ஏற்பாடு. எனவே உங்களை உள்ளே விடாத இடம் வேண்டாம். நாங்கள் முதலில் சேர்ந்த ஒரு மையத்தில் கதவைச் சாத்திவிடுவார்கள், ஆண்டு முழுக்கக் கட்டணம் முன்கூட்டியே. ஆறு மாதம் கழித்து "மூக்கைத் தொடு" என்றால் தொட்டான். பசித்தால் கேட்கத் தெரியவில்லை. பணம் போனது போகட்டும் என்று வெளியே வந்தோம்.

வீட்டில் செய்வதற்குத் தனி அறையோ சாமான்களோ வேண்டாம். இட்லித் தட்டில் மாவு ஊற்றும்போது "ஊத்து" என்று சொல்லி, நிறுத்தி, அவன் முகத்தைப் பாருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். நம்மால் முடியாத வேலை இந்தக் காத்திருப்புதான். கேட்பதற்குள் எடுத்துக் கொடுத்து வளர்த்தவர்கள் நாம். வேண்டியதை எட்டாத இடத்தில் கண்ணில் படும்படி வையுங்கள். கை நீட்டினாலும், படத்தைக் காட்டினாலும், "த" என்றாலும் உடனே கொடுங்கள். பட அட்டை பழகினால் பேச்சு வராது என்பார்கள், அது தவறு, பட அட்டை பேச்சைத் தடுப்பதில்லை.

"ஸ்கூல்ல இங்கிலீஷ், அதனால வீட்லயும் இங்கிலீஷ் மட்டும் பேசுங்க" என்ற அறிவுரையும் வரும். இதைக் கேட்டு, தமிழிலேயே வாழ்ந்த பாட்டி பேரனிடம் வாயைத் திறக்காமலே இருந்த வீட்டை எனக்குத் தெரியும். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசமும் வராது, பேச்சும் நிற்காது. உங்களுக்குக் கொஞ்சவும் திட்டவும் வருகிற மொழியில் பேசுங்கள்.

ஏடிஹெச்டிக்கும் அடத்துக்கும் பெற்றோர் பயிற்சி என்று ஒன்று தருவார்கள். நமக்கா பயிற்சி என்று சிலருக்கு ரோஷம் வரும், எங்கள் வீட்டுக்காரருக்கு வந்தது. 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மருந்துக்கு முன்னால் இதைத்தான் முயல வேண்டும். கூடப் போங்கள்.

மருந்து

எல்லாப் பிள்ளைக்கும் மருந்து கிடையாது. ஆட்டிசத்தின் மூலக் குணங்களை மாற்றும் மருந்தோ, கற்றல் குறைபாட்டைச் சரிசெய்யும் மருந்தோ இல்லை. கூடவே வரும் தொந்தரவுகளுக்குத்தான்: தூக்கமின்மை, தன்னையே அடித்துக்கொள்வது, வலிப்பு, மிகையான துறுதுறுப்பு, பதற்றம்.

ஏடிஹெச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் இருப்பது. சாதா மாத்திரை அரைமணி, ஒருமணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். பசியைக் குறைக்கும், அதனால் காலைச் சாப்பாட்டோடோ அது முடிந்த பிறகோ கொடுக்கச் சொல்வார்கள். சாயங்காலம் கொடுத்தால் தூக்கம் கெடும். உயரம், எடை, நாடி, ரத்த அழுத்தத்தை டாக்டர் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், இதயக் கோளாறு வீட்டில் யாருக்காவது இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் தெருமுனை மெடிக்கலில் கிடைக்காது. சீட்டு அசலாக வேண்டும், தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவிடுங்கள். அடோமாக்செடின் வேறு வகை, பலன் தெரிய நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும், பத்து நாளில் "ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆட்டிசப் பிள்ளைகளின் கடும் எரிச்சலுக்கும் தன்னைக் காயப்படுத்திக்கொள்வதற்கும் ரிஸ்பெரிடோனோ அரிபிப்ரசோலோ எழுதலாம். ரிஸ்பெரிடோனில் பசி கூடும், எடை ஏறும், தூக்கக் கலக்கம் வரும். எடையை நோட்டில் மாதாமாதம் எழுதுங்கள், சர்க்கரை எப்போது பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். வளர்ந்த பிள்ளைகளின் மனச்சோர்வுக்கு ஃப்ளுவாக்செடின் மாதிரியான மருந்து தொடங்கினால் முதல் சில வாரங்கள் கண்கொத்திப் பாம்பாக இருங்கள். அமைதியின்மை கூடினாலோ சாவைப் பற்றிப் பேசினாலோ அடுத்த அப்பாயின்ட்மென்ட்வரை காத்திருக்காமல் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

எந்த மருந்தையும் நீங்களாகச் சட்டென நிறுத்தாதீர்கள், நீங்களாகக் கூட்டாதீர்கள். நோட்டில் தேதி, அளவு, பலன், பக்கவிளைவு என்று நான்கு கோடு போட்டுக்கொள்ளுங்கள். "மருந்து ஒத்துக்கல" என்று சொல்லப் போன நான், நோட்டைப் புரட்டியபோதுதான் அவன் தூங்காதது மருந்துக்கு முந்தைய வாரத்திலிருந்தே என்று கண்டுபிடித்தேன்.

இன்னொரு பக்கம் ஆசை காட்டுகிறவர்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள். தேசிய மருத்துவ ஆணையத்தின் ஒழுங்கு வாரியம் 2022லேயே இதைப் பரிந்துரைக்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக்சிஜன் அறை, உடம்பிலிருந்து உலோகம் எடுப்பது, கோதுமையும் பாலும் அடியோடு நிறுத்துவது, இவற்றுக்கும் ஆதாரம் இல்லை. உலோகம் எடுக்கும் மருந்தில் உயிராபத்தே உண்டு. கோயிலுக்குப் போவதையோ மந்திரிப்பதையோ நான் யாரையும் தடுக்கவில்லை, எங்கள் மகன் கையிலும் கயிறு இருக்கிறது. மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

பள்ளியும் அட்டையும்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய் எல்லாம் அதில் உண்டு. 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 6 முதல் 18 வயதுவரை அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமை உண்டு. மாற்றுத்திறனாளி அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் சொல்லும் நாளில் மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும். ஆதார், போட்டோ, எல்லா ரிப்போர்ட்டும் அசலோடு நகலும். ஆட்டிசத்துக்கு அரசுத் தமிழ் "புற உலகச் சிந்தனையற்றோர்". முதலில் படிக்கும்போது சுருக்கென்று குத்தும். பேருந்துச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் அந்தத் தாள் வேண்டும் என்று நினைத்து விழுங்கிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், முடியும் தேதியை நோட்டின் அட்டையிலேயே எழுதிவையுங்கள்.

தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் சேர்த்து. ஆண்டுதோறும் புதுப்பிக்க மறந்துவிடுவோம், நான் ஒருமுறை மறந்தேன்.

கற்றல் குறைபாட்டுச் சான்றிருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், பிள்ளை சொல்லச் சொல்ல எழுதும் எழுத்தர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு போன்றவற்றைக் கேட்கலாம். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு இரண்டு மாதம் முன் ஓடாமல் ஒன்பதிலேயே தலைமையாசிரியரிடம் பேசுங்கள். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், உங்கள் பள்ளிக்கு யார் வருகிறார் என்று கேட்டுப் பெயரை வாங்கிவையுங்கள். பள்ளியிடம் முழு ரிப்போர்ட்டையும் கொடுக்க வேண்டியதில்லை. முன் வரிசை, வீட்டுப்பாடம் பாதி, சத்தம் அதிகமானால் வெளியே போய்வர அனுமதி என்று டாக்டரிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கிக் கொடுங்கள்.

பெரிய பிள்ளையாக இருந்தால்

பதின்வயதுப் பிள்ளையை "சும்மா ஜெனரல் செக்கப்" என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். "ரெண்டு மாசமா நீ தூங்கல, எனக்குக் கவலையா இருக்கு, ஒருத்தர்கிட்ட பேசுவோம்" என்றால் போதும். டாக்டர் தனியாகப் பேச வேண்டும் என்பார், வெளியே வாருங்கள். வந்ததும் "என்ன கேட்டாரு, என்ன சொன்ன?" என்று துளைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்தான விஷயமென்றால் டாக்டரே உங்களைக் கூப்பிட்டுச் சொல்வார். சாவைப் பற்றிப் பேசியிருந்தால், கையைக் கீறியிருந்தால், வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அன்றே பூட்டிவையுங்கள். சாவைப் பற்றி நேரடியாகக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். கேளுங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகலாக, தமிழில், காசில்லாமல் பேசலாம். குழந்தைக்கு யாராவது தீங்கு செய்கிறார்கள் என்று தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

ஃபைல் பற்றி ஒன்று. அசலை எந்த மையத்திலும் விட்டுவராதீர்கள், எப்போதும் ஜெராக்ஸ்தான். ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில், புதியது மேலே வரும்படி கோத்துவையுங்கள், மருத்துவர் மாறினாலும் ஊர் மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. லேமினேஷன் செய்யாதீர்கள். நாங்கள் ஆசையாக லேமினேஷன் செய்துவைத்த சான்றில் முத்திரை வைக்க இடமில்லை என்று முகாமில் திருப்பி அனுப்பினார்கள்.